நல்லோர் நெறியும் நெசவுத் தறியும்

சாலொமோன் பெயரால் வழங்கும் நீதிமொழிகள் என்னும் ஞானநூலின் 2-ஆம் அதிகாரத்தில், ஒரு தந்தை தன் மகனை நோக்கி, நல்லவர் சென்ற வழியே செல்லவும் நீதிமான்களின் பாதையை விட்டு விலகாதிருக்கவும் புத்தி கூறுகின்றான். கேட்பதற்கு இஃது எளிய புத்திமதி. வீட்டில் பாட்டியார் வாயிலும் பள்ளியில் உபாத்தியாயர் வாயிலும் நாம் பலகாற் கேட்டதே. ஆயினும் இதனைக் கைக்கொள்ளப் புகுமிடத்துச் சில வினாக்கள் எழுகின்றன. நல்லவர் என்று யாரைக் கொள்வது? நம் குடியிற் பிறந்த முன்னோரையா, நம் சமயத்தாரையா, உலகம் புகழும் பெரியோரையா? அவர் செய்தவை அனைத்தையும் நாமும் செய்தல் வேண்டுமோ? அவர் காலம் வேறு, நம் காலம் வேறு அன்றோ? இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற காஞ்சிமாநகரம் நமக்கு மிகவும் உதவுமென்று கருதுகின்றோம். அதன் காரணம் போகப் போக விளங்கும்.

முதற்கண் அவ்வதிகாரத்தின் அமைப்பை நோக்குவோம். அதில் 22 வசனங்கள் உள. எபிரெய நெடுங்கணக்கின் எழுத்துகளும் 22. எபிரெய மூலத்தில் அவ்வதிகாரம் முழுவதும் ஒரே நெடிய வாக்கியமாக ஓடுகின்றது என்பது அறிஞர் கூற்று. மகனே, நீ என் சொல்லை ஏற்றுக்கொள்வாயாகில், வெள்ளியைத் தேடுவதுபோல ஞானத்தைத் தேடுவாயாகில் என்று நிபந்தனைகளாகத் தொடங்கி, அங்ஙனம் தேடினால் ஞானம் உன் இருதயத்திற் புகும் என்றும், புகுந்த ஞானம் மாறுபாடு பேசும் மனிதரிடமிருந்தும் இச்சகம் பேசும் பெண்ணிடமிருந்தும் உன்னைக் காக்கும் என்றும் கூறி, இவையெல்லாம் எதன்பொருட்டு என்றால், நீ நல்லவர் வழியில் நடக்கும்பொருட்டு என்று முடிகின்றது. ஆகவே நல்லோரைப் பின்பற்றல் என்பது ஞானத்தின் தொடக்கப் பாடமன்று. தேடியும் ஆராய்ந்தும் தீயதை நல்லதினின்று பிரித்தறியக் கற்றவனுக்கே அது கைகூடும். முன்னே செல்லும் ஆட்டின் வாலைப் பார்த்து நடக்கும் ஆட்டுமந்தையின் செயலை அந்நூல் ஞானமென்று எவ்விடத்தும் கூறவில்லை.

வழி என்பதற்கு அவ்வதிகாரம் ஒரு சொல்லை மட்டும் ஆளாமல் பல சொற்களை ஆள்கின்றது. அவற்றுள் ‘மாகால்’ என்பது ஒன்று. வண்டிச் சக்கரம் பலமுறை உருண்டு மண்ணிற் பதித்த தடத்தை அது குறிக்கும். மழைக்காலத்தில் நம் கிராமத்து மண்சாலையில் மாட்டுவண்டி ஓட்டியவருக்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒருமுறை தடத்தில் விழுந்த சக்கரம் பின்னர்த் தானே அதில் ஓடும், வெளியேற்றுவது அரிது. சிறப்பு யாதெனில், நல்ல வழிக்கும் கோணலான வழிக்கும் அதே சொல்லை அந்நூல் வழங்குகின்றது. தடம் ஆழமாயிருப்பது அது நல்லதென்பதற்குச் சான்றன்று. பலர் சென்றனர், நெடுங்காலம் சென்றனர் என்பது மட்டுமே அதனாற் பெறப்படும்.

இனி ‘ஹொக்மா’ என்னும் சொல்லைக் காண்போம். ஞானம் என்று நாம் மொழிபெயர்ப்பது இச்சொல்லையே. ஞானம் என்றவுடன் காட்டிலே கண்மூடி அமர்ந்த முனிவர் நம் மனக்கண்முன் தோன்றுவர். எபிரெயருக்கோ இச்சொல் கைத்தொழிற் றிறத்தையும் குறித்தது. யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தை அமைக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட பெசலெயேல், அகோலியாப் என்னும் இருவரும் தேவன் அருளிய ஞானத்தால் நிறைந்தவர் எனப்படுகின்றனர். அந்த ஞானம் யாது? பொன்வேலை, கல்வேலை, மரவேலை, சித்திரத்தையல், நெசவு ஆகியவையே. நூல் நூற்ற பெண்களும் ஞான இருதயமுள்ளவர் என்றே அங்கே பெயர்பெறுகின்றனர். இவற்றோடு, பிறருக்குக் கற்பிக்கும் வரத்தையும் தேவன் அவ்விருவருக்கும் கொடுத்தார் என்று அந்நூல் சேர்த்துரைப்பது நோக்கத்தக்கது. கற்பிக்கப்படாத திறமை முழு ஞானமாகாது போலும்! நெசவாளனையும் நீதிமானையும் ஒரே சொல்லின் நிழலில் நிறுத்திய மக்கள், நல்லவரைப் பின்பற்று என்று சொன்னபோது, தொழில் கற்போன் ஆசானைப் பின்பற்றுவதையே மனத்திற் கொண்டிருந்தனர் என்று நாம் எண்ணுவதில் தவறில்லை.

காஞ்சியிற் பிள்ளையார்பாளையம் முதலான நெசவாளர் தெருக்களில் இத்தகைய கற்றலை நேரிற் காணலாம். பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அவற்றைச் சேலையாக்கும் அறிவோ எந்நாட்டிலிருந்தும் மூட்டையாகக் கட்டி வருவதில்லை. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கே அது செல்லுதல் வேண்டும். தொழில் பழகுவோன் முதலில் தார் சுற்றப் பழகுகின்றான். பின்னர்த் தெருவில் நீளமாகப் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது இழைகளைப் பிரித்துவிடப் பழகுகின்றான். அதன்பின் தறியருகே அமர்கின்றான். காஞ்சிப் பட்டுக்குச் சிறப்பளிப்பது கோர்வை என்னும் முறை. சேலையின் உடல் ஒரு நிறம், இருபுறத்துக் கரை வேறு நிறம். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலின் ஊடை கரையின் ஊடையைச் சந்திக்குமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளுதல் வேண்டும். நெய்வோர் ஒருவராக இதனை விரைந்து செய்தல் இயலாது. ஆதலின் மறுபக்கத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து, தம் பக்கத்துக் கரையின் நாடாவை எறிவர். முந்தானைக்கு வேறு நிறப் பாவை ஒவ்வோரிழையாகக் கோத்துச் சேர்க்கும் பேட்னி வேலையோ இன்னும் கடினமானது. பொறுமையில்லாதவரை அத்தறியே வெளியே தள்ளிவிடும்.

இவற்றையெல்லாம் ஆசான் வாயால் விளக்குவது சிறிது. இழுப்பு மிகுந்தால் கரை சுருங்கும், குறைந்தால் தொளதொளக்கும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு அளவுகோல் இல்லை. துணையாள் பல மாதங்கள் எதிரே அமர்ந்து ஆசானுடைய கையைப் பார்க்கின்றான், கையொலியைக் கேட்கின்றான், அறுந்த இழையை அவர் எவ்வளவு நிதானமாக முடிக்கின்றார் என்பதைக் காண்கின்றான். ஒருநாள் அவன் கைக்கே அந்த இழுப்பு வந்துவிடுகின்றது. அவன் பிற்காலத்தில் நெய்வது ஆசான் நெய்த சேலையையா? அன்று. ஆசான் அன்னமும் மயிலும் நெய்தார். இவன் வாங்குவோர் கேட்கும் புதுக் கோலத்தை நெய்கின்றான். ஆசான் காலத்தில் அடை என்னும் கருவியாற் பூவேலை செய்தனர். இவனோ ஜக்கார்டு பெட்டியை வைத்திருக்கின்றான். ஆயினும் இவன் கரையைத் தடவிப் பார்ப்போர், இவன் யாரிடம் தொழில் பழகினான் என்று சொல்லிவிடுவர். நல்லோரைப் பின்பற்றல் என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கத்தை நாம் எந்த வியாக்கியானத்திலும் கண்டிலேம். பின்பற்றப்படுவது அவர் செய்த காரியமன்று. காரியத்தைச் செய்த கை.

நீதிமொழி நூலின் கடைசி அதிகாரத்தில் வரும் குணசாலியான பெண்ணும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றாள். அவள் ஆட்டுமயிரையும் சணலையும் தேடுகின்றாள், கதிரைக் கையிற் பிடிக்கின்றாள், இரத்தினக் கம்பளங்களை உண்டுபண்ணுகின்றாள், மெல்லிய வஸ்திரம் செய்து விற்கின்றாள். அதே கையை ஏழைகளுக்கும் நீட்டுகின்றாள். காஞ்சித் தெருவில் வாழ்வோருக்கு அவள் அயலாளாகத் தோன்றமாட்டாள். நம் பிரசங்கிமார் பலர் அவளைப் பெண்களுக்கே உரிய மாதிரியாகக் கொண்டு, கலியாண வீட்டில் மட்டும் நினைவுகூர்வது நமக்கு ஒப்பவில்லை. அவ்வதிகாரத்தின் முற்பகுதி லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் கூறிய புத்திமதி. அதனையடுத்தே அப்பெண்ணின் புகழ் வருவதால், ஓர் அரசகுமாரனும் அவளைப் பார்த்துக் கற்கவேண்டியவனே.

அன்றியும் அந்த லேமுவேல் இஸ்ரவேலரின் அரசர் வரிசையிற் காணப்படாதவன். அயல்நாட்டானாகவே அறிஞர் பலர் அவனைக் கருதுகின்றனர். முப்பதாம் அதிகாரத்துக்கு உரிய ஆகூர் என்பவனைப் பற்றியும் அங்ஙனமே கருதுவர். எகிப்து தேசத்து ஆமெனெமோப் என்னும் ஆசிரியரின் போதனை நூல், பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில் இருந்த ஏட்டினின்று 1923-இல் வெளியிடப்பட்டது. அதன் 30 அதிகாரங்களுக்கும், நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரத்தின் இடையிலிருந்து வரும் பகுதிக்கும் உள்ள நெருங்கிய ஒற்றுமையை மறு ஆண்டில் எர்மான் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் எடுத்துக் காட்டினார். எல்லைக்கல்லை நகர்த்தாதே, கோபக்காரனோடு தோழமை கொள்ளாதே என்பன போன்ற புத்திமதிகள் இரண்டிலும் உள. எபிரெய ஞானியர் நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துத் தம் நூலிற் கோத்துக்கொண்டனர் என்பது இதனாற் புலப்படும். நம் திருவள்ளுவரும் பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினம் சேராமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அமைந்த இடம் பொருட்பாலின் அரசியல் என்பது கருதற்பாலது. நாட்டை ஆள்வோனுக்கே பிறர் துணை இன்றியமையாதது என்றால், தேர்வில் நாற்பது மதிப்பெண் வாங்க இடர்ப்படும் நமக்கு வேண்டாவென்று சொல்லலாமோ?

எனவே காஞ்சியில் நல்லோரைத் தேடும்போது நம் வேலிக்குள் மட்டும் தேடவேண்டுவதில்லை. வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் ஒரு வரலாறு இப்பொருளுக்கு மிகவும் இயைந்தது. இராமாநுசர் இளமையிற் காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் கல்வி பயின்று, பின்பு அவரோடு வேறுபட்டார். அக்காலத்தில் வரதராசர் சந்நிதியில் ஆலவட்டம் வீசித் தொண்டு செய்துவந்தவர் திருக்கச்சிநம்பி. பூவிருந்தவல்லியிற் பிறந்தவர், அந்தணர் அல்லர். இராமாநுசர் அவருடைய அன்பின் திறத்தைக் கண்டு அவரையே ஆசானாகக் கொள்ள விரும்பினார். நம்பியோ அக்கால வருண முறையைக் காட்டி உடன்படவில்லை. ஆயினும் அவர் காட்டிய வழியில், சாலைக்கிணற்றிலிருந்து வரதராசருக்குத் திருமஞ்சன நீர் சுமக்கும் தொண்டை இராமாநுசர் மேற்கொண்டார் என்பது ஐதிகம். வேதாந்தம் கற்ற தலை குடம் சுமந்தது. கற்றவருக்கு வரும் மிடுக்கை அடக்க இதனினும் நல்ல மருந்து உண்டோ அறியோம்.

அந்நூல்கள் கூறும் மற்றொரு நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. நம்பி உண்டு மிஞ்சியதைத் தாம் உண்ணவேண்டுமென்று விரும்பி, இராமாநுசர் அவரை விருந்துக்கு அழைத்தார். அவர் கருத்தை அறிந்த நம்பி, இராமாநுசர் தம்மை எதிர்கொள்ளப் புறப்பட்ட வேளையில் வேறு வழியாக வந்து உண்டு சென்றுவிட்டார். இராமாநுசருடைய மனைவியார், எஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்து, இலையை எறிந்து, நிலத்தை மெழுகி, நீராடி, கணவருக்கெனப் புதிதாகச் சமைத்து வைத்தார். திரும்பி வந்த இராமாநுசர் வருந்தினார். கதை சொல்வோர் அவ்வம்மையாரை எளிதிற் பழிப்பர். நாம் அங்ஙனம் பழிக்கத் துணியோம். அவர் செய்தது தம் தாயும் பாட்டியும் செய்து காட்டியதையே. அவரும் ஒரு மாதிரியைத்தான் பின்பற்றினார்! அவ்வீட்டில் அன்று மோதியவை இரண்டு வழிகள்: ஒன்று முன்னோர் வழி, மற்றொன்று நல்லோர் வழி. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே ஓடுவதால் அவற்றின் வேற்றுமை நமக்குத் தெரிவதில்லை. பிரியும் நாளிலேதான் எது நம்மை நடத்துகின்றது என்பது வெளிப்படும்.

அத்தகைய நாள் ஒன்று மிஷன் கல்வியின் வரலாற்றிலும் வந்தது. ஸ்காத்லாந்துச் சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அதன் வழிவந்ததே. மறு ஆண்டில், தீண்டத்தகாதார் என்று அக்காலத்தார் ஒதுக்கிய வகுப்புச் சிறுவர் சிலர் அப்பள்ளியில் அமர்ந்திருப்பது தெரிந்ததும், மேல்வகுப்புப் பெற்றோர் கொதித்தெழுந்தனர். அச்சிறுவரை நீக்குக, இல்லையேல் எம் பிள்ளைகளை நிறுத்துவோம் என்றனர். பள்ளியோ புதியது, ஆண்டர்சனோ அந்நாட்டுக்குப் புதியவர், முப்பதைச் சிறிது கடந்த வயதினர். சற்று விட்டுக்கொடுத்துப் பள்ளியைக் காப்பாற்றிக்கொள்வதே விவேகம் என்று அவருக்குச் சொல்லத்தக்க காரணங்கள் பல இருந்தன. அவர் இணங்கவில்லை. மாணாக்கர் பலர் வெளியேறினர். அச்சிறுவர் தம் இடத்தில் இருந்தனர். அதன்பின் 1839-இல் காஞ்சியிலும் அவருடைய மிஷன் பள்ளி அமைந்தது; அவர் பெயர் தாங்கிய பள்ளியை இன்றும் அந்நகரிற் காணலாம். ஆண்டர்சன் 1855-இற் சென்னையிலேயே இறந்தார்.

ஆண்டர்சன் செய்தவை யாவும் பின்பற்றத்தக்கனவோ என்றால், அன்று என்றே கூறுவோம். அக்கால மிஷனெரிமார் பலரைப் போலவே அவரும் இந்நாட்டார் சமயத்தைப் பற்றிக் கடுமையாக எண்ணினவர். காஞ்சிக்கு வந்தும் அங்குள்ள பக்தியின் ஆழத்தைக் காணக் கண் வேண்டுமே! அந்தக் கடுமையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வகுப்பறைப் பலகை. யார் அருகில் யார் அமரலாம் என்பதற்கு அவர் அளித்த விடை, சந்தைக்குப் போகும் நேரத்தில் விலை குறையாத சரக்கு. ஆலவட்டம் வீசியவரை ஆசானாகத் தேடிய இராமாநுசரும், பலகையை விட்டுக்கொடாத ஆண்டர்சனும் ஒருவரையொருவர் நேரிற் கண்டிருந்தால் சமயவாதத்தில் ஒத்துப்போயிருக்க மாட்டார்கள். இருவருடைய கையிழுப்பும் அவ்வோரிடத்தில் ஒத்திருந்தது என்பதை நாம் மறுத்தற்கில்லை.

நல்லவரென்று ஒருவரை முழுவதும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது என்பதற்கு அந்நூலின் தலைப்பே சாட்சி. சாலொமோன் முதுமையில் வழிதவறியதை இராஜாக்களின் புத்தகம் மறைக்காமற் கூறுகின்றது. நீதிமான் ஏழுதரம் விழுந்தும் எழுந்திருப்பான் என்று கூறும் நூல், விழாதவனே நீதிமான் என்று எங்கும் கூறவில்லை. ஆயின் நல்லவரை எதனால் அறிவது? நீதிமொழிகள் இதற்குத் தரும் அடையாளங்கள் பெரும்பாலும் கடைத்தெருவைச் சார்ந்தவை என்பது வியப்புக்குரியது. கள்ளத்தராசு, இருவகை நிறைகல், இருவகை மரக்கால் ஆகியவற்றை அந்நூல் மீண்டும் மீண்டும் கண்டிக்கின்றது. செபமும் பலியும் பேசப்படுவதினும் தராசு பேசப்படும் விதம் நம் நெஞ்சைத் தைக்கும்.

காஞ்சியில் இதன் பொருள் உடனே விளங்கும். முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ நெசவாளிக்குப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கும். நெய்த சேலையைத் திரும்ப நிறுத்து வாங்கும். கூலியும் பழியும் அத்தராசின் முள்ளையே பொறுத்தவை. அங்ஙனமே, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த ஜரிகை எது, செம்பை மினுக்கியது எது என்பதை வாங்க வருவோர் கண்ணாற் காணமாட்டார். விற்போர் சொல்லையே நம்புவர். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டக் காப்பு இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் கிடைத்தது. அது பெயரைக் காக்கும். தராசைப் பிடிக்கும் கையைக் காக்க வல்லதன்று. அக்கையைக் காப்பது, முன்பு அதே தராசை நேராகப் பிடித்த ஒருவரைப் பார்த்திருத்தலே.

இனி, இப்பொருளின் கசப்பான பகுதிக்கு வருவோம். தறியின் மறுபக்கத்தில் அமரும் துணையாளைப் பற்றி மேலே கூறினோம். அத்துணையாள் நெடுங்காலம் பெரும்பாலும் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தான். தன் வீட்டுத் தறியில் அமர்ந்தோர் ஒருபுறம். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறியில் அமர்த்தப்பட்டோர் மற்றொரு புறம். முன்பணம் தீரும்வரை அக்குழந்தை அவ்விடத்தை விட்டு எழுதற்கில்லை. கூலியோ முன்பணத்தைத் தீர்க்கப் போதாது. பள்ளி மணி அடிப்பது தெருவிற் கேட்கும். கால்கள் தறியைவிட்டு எழா. சிறிய விரல்களே கோர்வைக்கு ஏற்றவை என்றும், எம் தந்தையும் இங்ஙனமே கற்றார் என்றும், வேறெவ்வாறு தொழில் நிலைக்கும் என்றும் கூறினோர் பலர். அவர்களிற் பெரும்பாலார் தீயவர் அல்லர். முன்னோர் வழியில் நடந்தவர். தடம் ஆழமாயிருந்தது, சக்கரம் அதில் ஓடிற்று.

கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குழந்தைத் தொழிலைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் 1986-இல் ஒரு சட்டம் வந்தது. 2016-இல் அது திருத்தப்பட்டு, 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதிக்கப்பட்டது. பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுதலுக்கு விலக்களிக்கப்பட்டது. இவ்விலக்கு காஞ்சிபோன்ற ஊரில் இருபுறம் கூர்மையுள்ள கத்தி. தந்தையின் கையைப் பார்த்துத் தொழில் பழகும் வாய்ப்பும் அதனுள் இருக்கின்றது. பழைய தடமும் அதனுள் ஒளிந்துகொள்ளக்கூடும். எவ்வளவு நேரம் உதவி, எந்நேரம் முதல் வேலை என்பதைச் சட்டம் வீட்டுக்குள் வந்து அளப்பது அரிது. அதனை அளக்கவேண்டியவர் அவ்வீட்டுத் தகப்பனும் தாயுமே. வேலை முடியாதிருந்தும் பள்ளி வேளையில் நாடாவைக் கீழே வைக்கச் சொல்லும் தகப்பன் ஒரு தெருவில் ஒருவன் இருப்பானாகில், அவன் சட்டம் படித்திராவிட்டாலும், அத்தெருவிற்கு அவனே நல்லவர் வழி. அடுத்த வீட்டான் அவனைப் பார்க்கின்றான். பார்ப்பதன் வலிமையை ஞானியர் நன்கு அறிந்திருந்தனர். சோம்பேறியின் வயலருகே நடந்துபோனேன், முள் முளைத்துக் கிடந்ததைக் கண்டேன், கண்டு புத்தியடைந்தேன் என்னும் கருத்துப்பட அவர்களுள் ஒருவர் எழுதினார். பாழான வயலே பாடம் கற்பிக்குமானால், நேரத்தில் நின்ற தறி கற்பியாதோ?

பவுல் அப்போஸ்தலனும் கைத்தொழிலாளியே. கூடாரத்தொழில் செய்து கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்போர் வீட்டில் அவர்களோடு வேலை செய்தவர். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், பிறருக்குப் பாரமாயிராதபடி தாம் இரவும் பகலும் உழைத்ததை நினைப்பூட்டி, அதனைத் தங்களுக்கு மாதிரியாகக் கொள்ளும்படி அவர் கேட்கின்றார். பிறரிடம் உணவைப் பெற்றுக்கொள்ளும் உரிமை தமக்கு இருந்தும் அதனை விட்டதாக அங்கே சேர்த்துக் கூறுவதால், அந்த மாதிரியின் சாரம் உழைப்பு மட்டுமன்று என்பது பெறப்படும். பிறர் உழைப்பை உண்ண உரிமையிருந்தும் உண்ணாமையே அதன் சாரம். முன்பணம் கொடுத்துச் சிறுவனை அமர்த்த வசதியிருந்தும் அமர்த்தாதவன் இந்நிருபத்தைப் படித்திருக்கவேண்டுவதில்லை. அதன்படி நடந்தவனே ஆவான். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆசிரியரோ, நடத்தினவர்களுடைய வாழ்க்கையின் முடிவை நன்றாகச் சிந்தித்துப் பார்த்து, அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றும்படி சொல்லுகின்றார். செய்கையை என்று கூறாது விசுவாசத்தை என்றதும், முடிவுவரை பொறுத்துப் பார்க்கச் சொன்னதும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. உயிரோடிருப்போரைத் தேர்த்தட்டில் ஏற்றி மாலையிட விரையும் நம்போன்றோருக்கு இது நல்ல எச்சரிக்கை.

நெசவாளர் வீடுகளினின்று கல்லூரிக்கு வரும் மாணவர் இன்று பலர். தந்தையர் சிலரே இவர்களைத் தறிக்கு அனுப்ப விரும்பவில்லை. கூலி குறைவு, முதுகுவலி மிகுதி, விசைத்தறிச் சேலையின் போட்டி வேறு. தந்தை வழியை விட்டோமே என்று அம்மாணவருள் மனம் குன்றுவோரும் உளர். விட்டது நன்று என்று தறியைப் பார்க்கவே நாணுவோரும் உளர். இருசாராருக்கும் நாம் தறியிலிருந்தே ஒரு செய்தியை நினைப்பூட்டுவோம். ஒரு பாவு முடியும்போது, நெசவாளர் அதனை அடியோடு அறுத்தெறிவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்துக் கிடக்கும் பழைய இழைகளின் நுனியைச் சிறிது விட்டுவைப்பர். புதிய பாவு வந்ததும், அதன் ஒவ்வோரிழையையும் பழைய நுனி ஒவ்வொன்றோடும் சேர்த்து முறுக்கிப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தப்பினாலும் துணியிற் கோடு விழும். பிணைத்தபின் மெல்ல இழுக்க, பழைய இழை தான் சென்ற அதே கண்ணின் வழியே புதிய இழையை அழைத்துச் சென்று, முன்புறம் வந்து, அறுக்கப்பட்டு, கீழே விழுகின்றது. புதிய பாவு எந்நிறமாயினும் இருக்கலாம். முன்பு அரக்குச் சேலை நெய்த தறியில் அடுத்தாற்போலப் பச்சை ஏறுவதைக் காஞ்சியில் எந்த வாரத்திலும் காணலாம்.